நிற்கத் தெரியாத சோப்பு

கை கழுவும் சோப்பைத் திரவமாகக் கலக்கிப் பாட்டிலில் நிரப்பும் தொழிற்சாலை ஒன்றில் ஓர் என்ஜினியர் இருந்தார். அவரை எல்லாரும் டபுள் என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. சட்டைப்பையில் இரண்டு பேனா, கைப்பையில் இரண்டு குடை, கட்டில் பக்கத்தில் இரண்டு அலாரம். முதல் அலாரத்துக்கே அவர் எழுந்து குளிக்கப் போய்விடுவார். இரண்டாவது அலாரம் அவருடைய மனைவியை எழுப்பும்.

மனைவி அதே தொழிற்சாலையில் பேக்கிங் கூடத்துக்குப் பொறுப்பாளர். அங்கே வேலை பார்த்த அத்தனை பேருக்கும் அவர் அக்கா. அவர்களில் ஒருவருக்கு மட்டும் கூடப்பிறந்த அக்கா. அந்தத் தம்பிதான் பம்ப், குழாய், மோட்டார் எல்லாவற்றையும் பழுது பார்க்கும் பிரிவின் தலைவர். இடுப்பு பெல்ட்டில் எப்போதும் ஒரு பெரிய ஸ்பேனர் தொங்கும். பெயரும் அதுவே ஆகிவிட்டது.

ஸ்பேனரும் டபுளும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு பேண்ட்.

ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எல்லாரும் காரில் கிளம்பினார்கள். டபுள் டிக்கியில் இரண்டு ஸ்டெப்னி டயர் ஏற்றினார். ஸ்பேனரின் பெட்டிக்கு இடமில்லை. "பின்னாடி வர்ற வண்டியில வந்துடும் மச்சான்" என்று சொல்லி அதை வாசலிலேயே வைக்கச் சொன்னார். பின்னால் எந்த வண்டியும் வரவில்லை. போன இடத்தில் ஸ்பேனருக்கு மாற்றுத் துணி இல்லை. டபுளிடம் இன்னொரு பேண்ட் இருந்தது, இல்லாமல் இருக்குமா? ஆனால் டபுள் குள்ளம், ஸ்பேனர் நெட்டை. பேண்ட் கெண்டைக்காலிலேயே நின்றுவிட்டது. அந்தக் கோலத்தில்தான் குடும்பப் போட்டோவில் முன்வரிசையில் அவரை நிறுத்தினார்கள். இன்றைக்கும் எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் கூடத்துச் சுவரில் அந்தக் கால் தெரியும்.

அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் இருவருக்கும் ஒரே வீடு. ஸ்பேனர் மாடியில் இருந்தார். சாப்பாடு கீழே அக்காவிடம்.

"அக்கா, மாமாகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு."

"ஏம்மா, உப்பு உன் தம்பி முழங்கைக்குப் பக்கத்துலயேதான் இருக்குன்னு சொல்லு."

அக்கா வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு இரண்டு பக்கமும் பார்த்து, "கேட்டுச்சா?" என்பார். கேட்டுவிட்டது என்று இருவரும் தலையாட்டுவார்கள், அக்காவைப் பார்த்து.

வீட்டில் நடந்ததுதான் தொழிற்சாலையிலும் நடந்தது. வேலை விஷயம் எல்லாமே அக்கா வழியாகத்தான் போய் வரும். கட்டுப்பாட்டு அறைக்கும் பம்ப் அறைக்கும் நடுவில் நேராகப் பேச ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. டபுள் அதன்மேல் தன் மதியச் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்.

இப்படி இருக்கும்போது முதலாளிக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. பல ஊர்களில் ஹோட்டல் நடத்தும் ஒரு நிறுவனம், தன் எல்லா ஹோட்டல்களுக்கும் ஒரே இடத்தில் சோப்பு வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. கொள்முதலைக் கவனித்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "நடுவுல நின்னுடாதுல்ல?"

முதலாளி எப்போதும் கையில் ஒரு ஃபிளாஸ்க் வைத்துக்கொண்டு வெந்நீர் குடிக்கிற பயந்த மனிதர். நேராக டபுளிடம் வந்தார். "எது கெட்டாலும் சோப்பு ஓடிக்கிட்டே இருக்கணும். முடியுமா?"

டபுளுக்கு அன்றைக்குத்தான் பிறந்த பலன் கிடைத்த மாதிரி இருந்தது.

அவர் செய்துமுடித்த ஏற்பாடு இதுதான். சோப்பு இரண்டு தொட்டிகளில் இருக்கும். எந்தத் தொட்டியிலிருந்தும் எந்தப் பம்பும் இழுக்கலாம். பெரிய பம்ப் படுத்தால் சின்ன பம்ப் எழுந்துகொள்ளும். ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் வால்வுகள் தாமாகவே திறந்து வேறு குழாய் வழியாகச் சோப்பை அனுப்பும். எல்லாவற்றையும் ஒரு கணினி பார்த்துக்கொள்ளும். அந்தக் கணினி கெட்டால் பக்கத்தில் இன்னொரு கணினி. கரண்ட் போனால் ஜெனரேட்டர்.

நிறுத்துவதற்கும் ஒரு விதி வைத்தார். முன்பு ஒருதரம் தரை துடைத்தவரின் முழங்கை பட்டு, நிறுத்தும் பட்டன் அழுந்தி, தொழிற்சாலையே நின்றுபோயிருந்தது. அதனால் கட்டுப்பாட்டு அறையில் ஒன்று, பம்ப் அறையில் ஒன்று, பேக்கிங் கூடத்தில் ஒன்று என்று மூன்று சிவப்புப் பட்டன்களை வைத்தார். எவையாவது இரண்டை ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் நிற்கும். ஒன்றை மட்டும் அழுத்தினால், அந்தப் பட்டன் பழுதாகிவிட்டது என்று கணினி முடிவு கட்டி, அதன் பேச்சை அதற்கப்புறம் காதிலேயே போட்டுக்கொள்ளாது.

இத்தோடு விட்டிருக்கலாம். ஒருநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தபோது பேக்கிங் கூடத்தின் கூரையில் ஒரு பழைய குழாய் கண்ணில் பட்டது. ஒரு காலத்தில் தீயணைக்கப் போட்டது. புதிய ஏற்பாடு வந்த பிறகு சும்மா கிடந்தது. தொட்டிகள் இருக்கும் முற்றத்தில் தொடங்கி, பாட்டில் நிரப்பும் எந்திரத்துக்கு மேலே வந்து முடிந்தது. 'எல்லா வழியும் அடைத்தால் இது ஒரு கடைசி வழி' என்று டபுளுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஒரே இடைஞ்சல், அந்தக் குழாய் நெடுகிலும் தண்ணீர் தூவுகிற ஷவர்கள் இருந்தன. குழாயின் இரண்டு முனைகளையும் இணைக்க வைத்து, கணினியிலும் வழியைச் சேர்த்துவிட்டு, போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கூரைக் குழாய்ல இருக்கிற ஷவரை எல்லாம் ஒண்ணுவிடாம அடைச்சிடச் சொல்லு உன் தம்பியை."

பேக்கிங் கூடத்தில் எந்திரங்கள் போட்ட சத்தத்தில் அக்கா ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். பிறகு பம்ப் அறைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து தம்பியிடம் கத்தினார்: "டேய், கூரைக் குழாய் ஷவரை எல்லாம் ஒண்ணுவிடாம துடைச்சிடணுமாம்!"

வேறு யாராக இருந்தாலும் எதற்கு என்று கேட்டிருப்பார்கள். மாமாவிடம் கேள்வி கேட்பதைவிட ஏணியில் ஏறுவது மேல் என்று ஸ்பேனர் நினைத்தார். ஒவ்வொரு ஷவராகக் கழற்றி, ஊசியால் ஓட்டைகளைக் குத்தித் துருவை எடுத்து, துணியால் பளபளவென்று துடைத்து மாட்டினார். மறுநாள் அண்ணாந்து பார்த்த டபுள், புதிதாக மூடி போட்டதால்தான் இப்படி மின்னுகிறது என்று நினைத்து, "வேலைன்னு வந்துட்டா உன் தம்பி கில்லாடிதான், அதை அவன்கிட்ட சொல்லாதே" என்றார் மனைவியிடம்.

ஹோட்டல்காரம்மா ஒரு காலைப்பொழுதில் வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத உடை, இறுக்கிக் கட்டிய கொண்டை, சிரித்துப் பழகாத முகம். முதலாளி வெந்நீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, உற்சாகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டார்.

"எது கெட்டாலும் நிக்காதும்மா. வேணும்னா நீங்களே எதையாவது கெடுத்துப் பாருங்க."

"எதை வேணும்னாலுமா?"

"எதை வேணும்னாலும்!"

ஹோட்டல்காரம்மா பம்ப் அறைக்குப் போய்ப் பெரிய பம்பைக் காட்டினார். ஸ்பேனர் அதன் ஒயரைப் பிடுங்கினார். பெரிய பம்ப் முனகி ஓய்ந்தது. சின்ன பம்ப் எழுந்துகொண்டது. கூடத்தில் பாட்டில்கள் எதுவும் நடக்காததுபோல நிரம்பிக்கொண்டிருந்தன. ஹோட்டல்காரம்மாவின் ஒரு புருவம் உயர்ந்தது.

"இன்னொண்ணு பண்ணலாமா?"

ஒரு வால்வைத் தானே திருகி மூடினார். சோப்பு சுற்றுவழியில் போனது. தொட்டியின் அளவைச் சொல்லும் கருவியின் ஒயரை இழுத்தார். தொட்டி காலி என்று அது புளுகியது; இவ்வளவு நேரம் ஓடிய கணக்கை வைத்துப் பார்த்த கணினி அதை நம்பவில்லை. அந்த அம்மாவின் வாயோரம் லேசாக அசைந்தது. மேல்கோட்டைக் கழற்றி முதலாளியின் கையில் கொடுத்தார்.

"அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் கொடுங்க."

ஸ்பேனர் தன் ஸ்பேனரை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. அந்தக் குரலுக்குக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் அந்த அம்மாவைப் பிடிக்க முடியவில்லை. இங்கே ஒரு போல்ட்டைக் கழற்றினார், அங்கே ஒரு வால்வை மூடினார், குழாய்மேல் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். "எங்க வீட்டுல நான் ஒரு டம்ளரைக்கூடக் கீழ போட்டதில்ல" என்று முதலாளியிடம் சொன்னார். மூச்சு வாங்கியது, கன்னம் சிவந்திருந்தது. "யாராவது போட்டா நான்தான் கத்துவேன். இது இவ்ளோ நல்லா இருக்கும்னு யாருமே சொல்லலையே!"

மேலே கட்டுப்பாட்டு அறையில் டபுள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சையாக இருந்த வழிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின. சோப்பு மட்டும் நிற்கவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசியாக ஹோட்டல்காரம்மா மிச்சமிருந்த வால்வையும் மூடிவிட்டு, "வாங்க, இப்பவும் பாட்டில் நிரம்புதான்னு பார்ப்போம்" என்று முதலாளியைக் கூட்டிக்கொண்டு பேக்கிங் கூடத்துக்குள் நுழைந்தார். திரையில் கூரை வழி பச்சையாக எரிந்தது.

பாட்டில்கள் நிரம்பிக்கொண்டுதான் இருந்தன. கூடவே மேலிருந்து எல்லார் தலையிலும் சோப்பு பெய்தது.

முதலில் தூறல்தான். பாதிச் சோப்பு ஷவர் வழியாகப் போய்விட்டதால் எந்திரத்துக்கு வரத்துக் குறைந்தது. வரத்துக் குறைகிறதே என்று கவலைப்பட்ட கணினி பம்பை இன்னும் வேகமாக ஓட்டியது. தூறல் அடைமழையாயிற்று. பாட்டில் கழுவும் எந்திரத்தின் தண்ணீரும் சுவரோரத்து மின்விசிறிகளும் சேர்ந்துகொண்டன, நுரை எழுந்தது. முதலில் முழங்கால், பிறகு இடுப்பு. முதலாளி ஓடப் பார்த்து வழுக்கி, உட்கார்ந்த நிலையிலேயே கூடத்தின் மறுகோடி வரை போனார், ஃபிளாஸ்க்கை மட்டும் உயரத் தூக்கிப் பிடித்தபடி.

யாரோ மெயினை அணைத்தார்கள். கூடம் இருண்டது. அடுத்த மூச்சில் ஜெனரேட்டர் உறுமியது. விளக்கும் வந்தது, மழையும் வந்தது.

டபுள் இதைக் கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். தான் வைத்த விதியையே மறந்து, பக்கத்திலிருந்த சிவப்புப் பட்டனை ஓங்கிக் குத்தினார். கணினி ஒரு மணி அடித்து, 'பட்டன் பழுது' என்று திரையில் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. இனி பம்ப் அறைப் பட்டனும் கூடத்துப் பட்டனும்தான் மிச்சம். போனை எடுத்தார்.

"ஏம்மா! பம்ப் அறைப் பட்டனை அழுத்தச் சொல்லு, உன் தம்பி..."

"என்னங்க? கேக்கலைங்க! ஐயோ, போன் கையில நிக்க மாட்டேங்..."

அக்காவின் கையிலிருந்து போன் நழுவி நுரைக்குள் போய்விட்டது. டபுள் மறுபடி கூப்பிட்டார். மணி அடிக்கவே இல்லை.

தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று வைத்திருந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது, மனைவிக்கு மாற்று இல்லை என்பது. சாப்பாட்டுப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஸ்பீக்கர் பெட்டியை அழுத்தினார். அழுத்திவிட்டாரே தவிர, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"பம்ப் அறையில... யாராவது... இருக்கீங்களா?"

கொஞ்ச நேரம் கரகரவென்ற சத்தம்.

"இருக்காங்க" என்றது ஸ்பேனரின் குரல். "மேல இருந்து பேசுறது யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"டேய், விளையாடாதடா! அந்தப் பம்பை அணை!"

"அணைச்சுப் பார்த்தாச்சு. கையை எடுத்ததும் அதுவா எழுந்துக்குது."

"ஆமா, அப்படித்தான் பண்ணி வச்சிருக்கேன்" என்றார் டபுள். அந்த நேரத்திலும் குரலில் லேசாகப் பெருமை தட்டியது. "ஒயரைப் பிடுங்கு!"

"கதவடி வழியா நுரை உள்ள வந்து கை காலெல்லாம் சோப்பு. ஷாக் அடிச்சா எனக்கு மாற்று இருக்கா உங்ககிட்ட?"

டபுள் பதறினார். "வேண்டாம் வேண்டாம், ஒயர் பக்கமே போகாத. கேளு. நான் கூடத்துக்கு ஓடுறேன். அங்க இருக்கிற பட்டனும் உன் பட்டனும் ஒரே சமயத்துல அழுந்தணும்."

"நீங்க அழுத்துறது எனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னல் வழியா மூணு எண்ணுறேன்."

"மூணு சொல்லும்போது அழுத்தணுமா, சொல்லி முடிச்ச அப்புறமா?"

"மூணு சொல்லும்போதுடா!"

"'மூ'வுக்கா, 'ணு'வுக்கா?"

கூடத்துக் கதவு திறந்துகொண்டு நுரை தெருப்பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தது. வெளியே கார் ஒன்று ஹாரன் அடித்தது.

"எண்ணவே வேண்டாம்" என்றார் டபுள். "நான் மச்சான்னு கத்துறேன். கத்தினதும் அழுத்து."

டபுள் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார்.

"கேக்குதாடா?"

"கேக்குது" என்றார் ஸ்பேனர். குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "சத்தமா கத்துங்க மாமா."

டபுள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார். கூடத்துக்குள் காலை வைத்ததும் தரை அவரை விட்டுப் போனது. தவழ்ந்தார். எலுமிச்சை மணம் மூக்கை அடைத்தது. யாரோ ஒருவரின் காலைப் பட்டன் கம்பம் என்று நினைத்துப் பிடித்தார், அது முதலாளி. சுவரைத் தடவித் தடவி ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே தலையில் ஒரு முழ உயரத்துக்கு நுரையோடு ஹோட்டல்காரம்மா நின்றிருந்தார். ஒரு கையில் ஸ்பேனர் இருந்தது. சிவப்புப் பட்டனை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையும் கெடுக்கட்டுமா?"

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இது ஒண்ணை மட்டும் விட்டுடுங்க!"

அவர் மனமில்லாமல் ஓர் அடி நகர்ந்தார். டபுள் பட்டன்மேல் கையை வைத்துக்கொண்டு, வாய் நிறைய நுரையைத் துப்பிவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"மச்சாஆஆன்!"

மழை நின்றது. பம்ப் ஓய்ந்தது. கூடம் முழுக்க நுரைக்குமிழிகள் உடையும் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளி ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சோப்பு" என்றார்.

எல்லாரும் முற்றத்துக்கு வந்து ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டார்கள். கழுவக் கழுவ நுரைதான் வந்தது. ஒப்பந்தம் போனது என்று முதலாளி ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். டபுளும் ஸ்பேனரும் அக்காவுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

"அடைச்சிடச் சொன்னேனே" என்றார் டபுள்.

"துடைச்சிடச் சொன்னதாத்தானே வந்துச்சு" என்றார் ஸ்பேனர்.

இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தலைமுடியைப் பிழிந்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏன், நேரா ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு பேர்ல யாருக்காவது வாய் வெந்துபோயிருக்குமா? உப்புக்கும் நான், பம்புக்கும் நானா? இனிமே உங்க நடுவுல நான் குழாய் வேலை பார்க்க மாட்டேன். பேசினா பேசுங்க, பேசாட்டி சைகை காட்டுங்க."

ஹோட்டல்காரம்மா துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே முதலாளியிடம் வந்தார். கொண்டை அவிழ்ந்து தொங்கியது. "பாட்டில் ஒண்ணுகூட நிரம்பாம போகலை. நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார். "சோப்பை உங்ககிட்டயே வாங்குறேன். ஆனா அந்தக் கூரைக் குழாயைப் பிடுங்கணும். அப்புறம், ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கை, அழுத்தினா எல்லாம் நிக்கிற மாதிரி ஒரு பட்டன் வேணும். ஓடவும் தெரியணும், நிக்கவும் தெரியணும்." பிறகு ஸ்பேனரிடம் அவருடைய ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு பெருமூச்சு வந்தது.

புதுப் பட்டனுக்கு முழங்கை பட்டாலும் அழுந்தாதபடி ஒரு கண்ணாடி மூடி போடலாம் என்று சொன்னவர் ஸ்பேனர். டபுளுக்கு அது தோன்றவில்லையே என்று வருத்தம். மூடி எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று பேச்சு ஆரம்பித்தது. மேலே திறக்கலாம் என்றார் ஒருவர். பக்கவாட்டில் என்றார் மற்றவர். பேசாமல் இருந்த காலத்துக்கெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். தொழிற்சாலையில் பேசினார்கள், பஸ்ஸில் பேசினார்கள், மாடிப்படியில் நின்று பேசினார்கள். டபுள் கையை ஆட்டி ஆட்டிப் பேசியதில் குழம்புக் கிண்ணம் ஒன்று கவிழ்ந்ததையும் இருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த விடுமுறை நாளில் சாப்பாட்டு மேஜையில் ஒரு காலி டப்பாவைப் பட்டனாகவும் ஒரு தட்டை மூடியாகவும் வைத்து இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா கையைக் கழுவிக்கொண்டு, நல்ல உடையாக ஒன்றை எடுத்து உடுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு சினிமாவுக்குக் கிளம்பினார். தியேட்டரில் நடுவரிசையில் தனியாக உட்கார்ந்து, இடைவேளையில் ஓர் ஐஸ்கிரீம் வாங்கி, யாருக்கும் எதையும் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல், அது உருகும்வரை பொறுமையாகச் சாப்பிட்டார். படம் சுமார்தான். திரும்பி வீட்டுக்குள் நுழைந்தபோது டபுள் தட்டை உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்.

"ஏம்மா, நீயே சொல்லு. இவ்ளோ நேரம் இங்கதானே உட்கார்ந்து கேட்டுக்கிட்டிருந்த?"

"ஆமாமா, நீங்க பேசுங்க" என்றார் அக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.